நாகதாளி: ஒரு பெயர்ப் பிழையின் வரலாறு

கடற்கரை ஊர்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நாகதாளியை அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. மையவாடியின் மதிலோரம், பனங்காட்டின் வரப்பு, உப்புக்காற்று அறையும் மணல்மேடு என, வேறு செடிகள் வேர்விட அஞ்சும் இடங்களிலெல்லாம் அது படமெடுத்து நிற்கும். சப்பாத்திக்கள்ளி என்று சொல்வாரும் உண்டு. நம் சிறு வயதில், ஓதிவிட்டு வீடு திரும்பும் வழியில் அதன் பழத்தைக் குச்சியால் தட்டி வீழ்த்தி, மணலில் புரட்டிச் சுணையைப் போக்கி, உடைத்துத் தின்போம். வாயும் கையும் சட்டையும் ஒருசேரச் சிவந்துவிடும். மணலுக்குத் தப்பிய சுணை நாவிலே தைத்துக்கொள்ள, அழுதுகொண்டே வந்து உம்மம்மாவிடம் ஏச்சு வாங்கியதும் பலமுறை.

அந்நாளில் ஊர்ப் பெரியவர் ஒருவர் ஒரு கதை சொல்லுவார். தம் இளமைக் காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் நடந்தது என்று தொடங்குவார். கள்ளி மண்டிக்கிடந்த காட்டில் வெள்ளைக்காரன் ஒரு பூச்சியைக் கொண்டுவந்து விட்டானாம்; ஐந்தாறு மழைக்காலம் கழிவதற்குள் காடெல்லாம் வெளுத்துச் சாய்ந்ததாம்; ஆடு நுழைய முடியாத இடத்தில் அதன்பின் ஏர் ஓடியதாம். பெரியவர்கள் சிறுவர்க்குச் சொல்லும் கதைகளில் ஒன்றாகவே நாம் அதனை எண்ணியிருந்தோம். பின்னாளில் ஏடுகளைப் புரட்டியபோதுதான் அவர் சொன்னதில் மிகை ஏதும் இல்லை என்பது தெரிந்தது. அதனினும் வியப்பு ஒன்று உண்டு. அவர் கண்டது இந்தக் கதையின் இரண்டாம் பாகம். முதற்பாகம் அதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே நடந்து முடிந்திருந்தது. அந்த இரண்டு பாகங்களுக்கும் இடையே நின்றது ஒரே ஒரு கேள்வி: இது எந்தக் கள்ளி?

கள்ளியல்லாத கள்ளி

நம் பழம்பாடல்கள் பாலை நிலத்திற்குச் சொல்லும் கள்ளி வேறு, இது வேறு. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி முதலியவற்றைக் கீறினால் பால் வடியும். நாகதாளியைக் கீறினால் வழவழப்பான நீர்தான் கசியும், பால் இராது. இரண்டும் முற்றிலும் வேறான குடும்பங்கள். வறண்ட நிலத்தில் நீரைச் சேமித்து வாழவேண்டிய நிர்ப்பந்தம் இரண்டிற்கும் ஒரே விதமான உடலைத் தந்தது. உடலைக் கண்டு நம்மவர்கள் ஒரே பெயரைத் தந்தார்கள்.

நாகதாளியின் தாயகம் அமெரிக்கா. கொலம்பஸ் கடல் கடந்த 1492ஆம் ஆண்டிற்கு முன் ஆசியாவிலோ ஐரோப்பாவிலோ ஆப்பிரிக்காவிலோ ஒரு நாகதாளியும் இருந்ததில்லை. அந்தக் குடும்பம் முழுவதிலும் ஒரே ஒரு செடிதான் இதற்கு விலக்கு. மரக்கிளைகளைப் பற்றித் தொங்கும் ரிப்சாலிஸ் என்னும் முள்ளற்ற செடி, ஆப்பிரிக்காவிலும் இலங்கையின் காடுகளிலும் தானாகவே வளர்கிறது. மற்றவையெல்லாம் கப்பலேறி வந்தவை.

வந்த செடி எத்துணை விரைவில் வீட்டுப்பிள்ளை ஆகிவிட்டது என்பதற்கு ஒரு சான்று. கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் தலைவராய் விளங்கியவரும், இந்தியத் தாவரவியலின் தந்தை எனப் போற்றப்படுபவருமாகிய வில்லியம் ராக்ஸ்பர்க், இங்கே கண்ட நாகதாளிக்கு ‘காக்டஸ் இண்டிகஸ்’ என்று பெயரிட்டார். இந்தியாவுக்கு உரியது என்பது அதன் பொருள். அத்துணைப் பெரிய அறிஞரே ஏமாறினார் என்றால், நாட்டு மக்கள் அதனை நாட்டுச் செடி என்று எண்ணியதில் குறை என்ன?

மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் இதன் பெயர்களைத் தொகுத்துப் பார்ப்பவர்க்குச் சிரிப்பு வரும். பிரெஞ்சுக்காரர் இதனைப் ‘பார்பரி அத்தி’ என்கின்றனர். அதாவது, வட ஆப்பிரிக்க முஸ்லிம்களின் நாட்டிலிருந்து வந்ததாம். அந்த வட ஆப்பிரிக்காவின் மொராக்கோவிலோ இதற்குப் பெயர் ‘கர்மூஸ் அந்நஸாரா’, கிறிஸ்தவர்களின் அத்தி! கிரேக்கர் ‘பிராங்கியரின் அத்தி’ என்றனர். தென்னாப்பிரிக்காவின் டச்சு வழியினர் ‘துருக்கிய அத்தி’ என்றனர். லின்னேயஸ் 1753இல் தம் நூலில் இட்ட பெயரோ ‘இந்திய அத்தி’ என்று பொருள்படுவது. ஒவ்வொருவரும் அடுத்த வீட்டுக்காரன் கொண்டுவந்தான் என்றே கைகாட்டியிருக்கிறார்கள். எகிப்தியர் மட்டும் வம்பில் மாட்டாமல் ‘தீன் ஷவ்கி’, முள் அத்தி, என்று சொல்லிவிட்டார்கள். பாலஸ்தீனத்தில் இதற்கு ‘ஸப்ர்’ என்று பெயர். பொறுமை என்று நாம் அறிந்த அதே சொல்.

சிவப்பின் மீது கொண்ட ஆசை

இந்த முட்செடியின் மீது கும்பினியாருக்கு அக்கறை பிறந்ததற்குக் காரணம் செடியன்று. அதன்மேல் ஒட்டி வாழும் ஒரு பூச்சி.

பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுப்பது பழைய கலை. அரபு மொழியில் ‘கிர்மிஸ்’ என்பர். ஐரோப்பிய மொழிகளில் செந்நிறத்தைக் குறிக்கும் ‘கிரிம்சன்’, ‘கார்மைன்’ என்னும் சொற்கள் அதிலிருந்து கிளைத்தவையே. ஆர்மீனியாவில் புல்லின் வேரில் வாழும் ஒரு பூச்சி அதற்குப் பெயர் பெற்றிருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் பலாதுரீ அந்நாட்டின் ஓர் ஊரைக் ‘கர்யத்துல் கிர்மிஸ்’, கிர்மிஸ் ஊர், என்றே குறிக்கிறார்.

1521இல் மெக்சிகோ ஸ்பானியர் கைக்கு வந்தபோது, இவையனைத்தையும் வென்றுவிடும் ஒரு சிவப்பு அங்கே அவர்களுக்குக் கிடைத்தது. ஓஹாக்கா மாநிலத்துக் குடியானவர்கள் நாகதாளித் தோட்டங்களில் வளர்த்துவந்த கொச்சினீல் பூச்சிதான் அது. ஒரு பவுண்டு சாயத்திற்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும். வெள்ளிக்கு அடுத்தபடியாக ஸ்பெயின் நாட்டிற்குச் செல்வம் ஈட்டித் தந்தது இந்தச் சரக்கே. ஸ்பானியர் அதன் மறையைக் காத்த திறம் எத்தகையதெனில், உலர்ந்து வந்த அந்தத் துகள்கள் விதையா, பூச்சியா என்று ஐரோப்பிய அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டுக்கொண்டிருந்தனர். நுண்ணோக்கிப் புகழ் லேவன்ஹூக் போன்றோர் ஆராய்ந்த பின்னரே அது பூச்சி என்பது உறுதியாயிற்று. 1777இல் தியரி த மெனோன்வீல் என்ற பிரெஞ்சுக்காரர் ஓஹாக்கா வரை வேடமிட்டுச் சென்று, பூச்சியோடு கூடிய மடல்களைக் கடத்திவந்து, ஹெய்ட்டித் தீவில் வளர்க்க முயன்றார். 1780இல் அவர் இறந்தார். அவர் கொண்டுவந்த உயர்வகைப் பூச்சியும் அழிந்தது.

இச்சாயம் இன்றும் வழக்கொழியவில்லை. தின்பண்டப் பொட்டலங்களில் ‘இ 120’ என்று பொறித்திருப்பது இதுவே. கூடுமா, கூடாதா என்பது மார்க்க அறிஞர்கள் பேசவேண்டிய பொருள். பெயர் தெரிந்திருப்பது நல்லது என்ற அளவில் இங்கே சொல்லிவைக்கிறோம்.

சைதாப்பேட்டைத் தோட்டம்

சென்னையில் கும்பினியாரின் தலைமை மருத்துவராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் ஊக்கமே உருவானவர். 1786ஆம் ஆண்டின் இறுதியில், சென்னைக்கு அருகே ஒருவகைப் புல்லில் தாம் கொச்சினீலைக் கண்டுவிட்டதாக எண்ணி, இலண்டனில் அரச கழகத்தின் தலைவராயிருந்த ஜோசஃப் பேங்ஸுக்கு மடல்மேல் மடலாக எழுதினார். அந்த மடல்கள் அச்சேறின. சோதித்துப் பார்த்ததில் அது வேறொரு பூச்சி என்று தெரிந்தது. மனிதர் தளரவில்லை. உண்மையான பூச்சி ஒருநாள் வந்தே தீரும். வரும்போது அதற்கு உணவு ஆயத்தமாக இருக்கவேண்டும் என்று வாதாடினார். கும்பினியாரும் இசைந்தனர். சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் எழுந்தது. அவர்தம் உறவினர் ஆண்ட்ரூ பெர்ரி அதனைக் கண்காணித்தார். விருந்தினர் இன்னாரென்று தெரியாமலே இலை போட்டுவைத்த கதைதான்!

விருந்தினர் வந்தது 1795இல். கேப்டன் நீல்சன் என்பார், கப்பல் ரியோ டி ஜெனிரோவில் நின்றபோது, அங்கே கள்ளிமேல் இருந்த பூச்சிகளை மடல்களோடு எடுத்துவந்து கல்கத்தாவில் ஒப்படைத்தார். அவை அங்கிருந்த நாட்டுக்கள்ளியின்மீது பெருகின. பின்னர்ச் சென்னைக்கும் வந்தன.

இங்கேதான் பிழை நேர்ந்தது. ரியோவிலிருந்து வந்தது ஓஹாக்காவின் பூச்சியன்று. அதன் உறவினமான ஒரு காட்டுப்பூச்சி. சாயம் குறைவு, மெழுகுப் பஞ்சு மிகுதி. சந்தையில் மெக்சிகோச் சரக்கின் முன் அதனால் நிற்க முடியவில்லை. கும்பினியாரின் கனவு மெல்லக் கலைந்தது. ஆண்டர்சன் 1809இல் மறைந்தார். சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் சாண்ட்ரி என்னும் புகழ்பெற்ற சிற்பி வடித்த அவர் சிலையை இன்றும் காணலாம். தோட்டமோ சுவடின்றிப் போயிற்று.

ஆனால் பூச்சி போகவில்லை. சாயத்திற்கு உதவாத அந்தப் பூச்சி, தான் ஏறி நின்ற கள்ளியைத் தின்னத் தொடங்கியது. தாய்ப்பூச்சி ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டால் நகராது. வெண்பஞ்சு போர்த்துக்கொண்டு சாற்றை உறிஞ்சும். அதன் குஞ்சுகளைக் காற்று அடுத்த செடிக்குச் சுமந்து செல்லும். மடல் மஞ்சளித்து, வாடி, மூட்டோடு கழன்று விழும். வங்கத்திலும் நாட்டின் நடுப்பகுதியிலும், அதன்பின் தென்னாட்டிலும் மரம்போல் ஓங்கி நின்ற கள்ளிகள் இப்படியே மாய்ந்தன. உழவர்களுக்கு இது வாராது வந்த வரம். இதனைக் கண்டு, பூச்சியை வேண்டுமென்றே பிற ஊர்களுக்கும் எடுத்துச்சென்று பரப்பினார்கள். 1860களில் அது இலங்கைக்கும் போயிற்று. களையை அழிக்கப் பூச்சியை ஏவும் முறைக்கு உலகத்தில் முதல் எடுத்துக்காட்டு என்று இன்றைய அறிவியல் நூல்கள் இந்நிகழ்ச்சியையே காட்டுகின்றன. சாயம் தேடிப் போனவர்கள் தம்மை அறியாமல் கண்டுபிடித்த வித்தை இது.

அந்தப் பூச்சிக்குப் பின்னாளில் அறிவியலார் இட்ட பெயரைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பிரேசிலில் பிறந்து, கல்கத்தாவுக்கு வந்து, இலங்கை சேர்ந்த அதற்கு, இலங்கையில் பூச்சியியல் அறிஞராயிருந்த கிரீன் என்பவர் 1896இல் தந்த பெயர் ‘சிலோனிகஸ்’, சிலோனுக்கு உரியது! கள்ளிக்கு இந்தியப் பட்டம். பூச்சிக்கு இலங்கைப் பட்டம்.

மறுபடியும் மண்டிய காடு

கள்ளி ஒழிந்தது என்று மக்கள் மூச்சுவிட்டிருக்கவேண்டும். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னாட்டில் கள்ளி மீண்டும் மண்டியது. முன்னிலும் பன்மடங்காக மண்டியது. கோயம்புத்தூர், திருநெல்வேலி, இராமநாதபுரம் பக்கங்களில் மேய்ச்சல் நிலங்களையும் தரிசுகளையும் வளைத்துக்கொண்டது. பாம்புக்கும் பன்றிக்கும் அரண் ஆயிற்று. வெட்டினால் வெட்டிய துண்டெல்லாம் வேர்விட்டது. பழைய பூச்சியை இதன்மேல் விட்டுப் பார்த்தார்கள், அது சீண்டவேயில்லை.

‘பூச்சிக்கு வீரியம் போய்விட்டது’ என்று அலுத்துக்கொள்வது எளிது. பூச்சியிடம் குற்றமில்லை. மக்கள் ஒரே பெயரால் அழைத்த இரண்டு கள்ளிகளைப் பூச்சி மட்டும் சரியாக வேறுபடுத்தி அறிந்திருந்தது. முதலில் அழிந்தது ஒரு கள்ளி. அதன் இடத்தைப் பிடித்தது மற்றொரு கள்ளி.

இதனைத் தெளிவாக ஏட்டில் ஏற்றியவர் ஐ. எச். பர்கில். பின்னாளில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநராகப் பெயர் பெற்ற அதே பர்கில்தான். 1911இல், இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் ஆவண வெளியீட்டில், இந்தியாவில் தாமாக வளர்ந்து பரவியிருக்கும் நாகதாளிகள் எவை எவை என்று இனம் பிரித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அளவிற் சிறிய கட்டுரை. ஆயினும் நூறாண்டுக் குழப்பத்தின் முடிச்சு எங்கே என்று அது காட்டியது.

ஏன் அதுவரை எவரும் செய்யவில்லை என்று கேட்கலாம். நாகதாளி தாவர அறிஞர்களின் பொறுமையைச் சோதிக்கும் செடி. மற்ற செடிகளைத் தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்திப் பெட்டியில் வைத்துவிடலாம். நாகதாளி மடலோ வாரக்கணக்கில் உலராது. அழுகும், அல்லது தாளுக்குள்ளேயே தளிர்விடும். பூ ஒருநாள் மலர்ந்து நிறம் மாறிவிடும். கையில் ஏறும் சுணையைச் சொல்லவே வேண்டாம். ஆகவே சேகரிப்போர் அதனைத் தவிர்த்துவிட்டுப் போனார்கள். சேகரிப்பு இல்லாத இடத்தில் ஒப்பீடு ஏது? ஒப்பீடு இல்லாத இடத்தில் பெயர்கள் மட்டும் பெருகின.

அடையாளங்கள்

முன் சொன்ன இரண்டு கள்ளிகளையும் பிரித்தறியும் வகையைச் சற்று விரிவாகவே கூறுவோம். வேலியோரம் நின்று ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவார்க்குப் பயன்படும்.

முதலில் அழிந்த மோனகாந்தா, அடிமரம் விட்டு ஆள் உயரத்திற்கு மேலும் வளரும். மடல் மெல்லியது, பளபளக்கும் பச்சை, அடிப்பகுதி குறுகியிருக்கும். முட்கண் ஒன்றில் ஒரு முள் அல்லது இரண்டு. ‘ஒற்றை முள்’ என்பதே அப்பெயரின் பொருள். மஞ்சட் பூவின் புறவிதழ்களில் செந்நிறக் கீற்று ஓடும். பழத்தின்மேல் பழமாகவும், பழத்திலிருந்தே புது மடலாகவும் கிளைப்பது அதன் வழக்கம்.

பின் மண்டிய டில்லெனி மரமாகாது. புதராகப் படர்ந்து இடுப்பளவு, மிஞ்சினால் ஆளளவு நிற்கும். மடல் தடித்தது, நீலம் கலந்த சாம்பற்பச்சை. முட்கண்ணில் முட்கள் பல. அவை மஞ்சள் நிறம். தட்டையாய்ச் சற்றே வளைந்திருக்கும். பூ எலுமிச்சை மஞ்சள். பழம் கருஞ்சிவப்பு. நம் வாயைச் சிவக்க வைத்த பழம் இதுதான் என்பதை இப்போது அறிகிறோம்.

மேற்கிந்தியாவிலும் தக்காணத்திலும் எலாட்டியர் என்ற மூன்றாவது உண்டு. ஊசிபோன்ற பழுப்பு முட்கள். செம்மஞ்சளாய்ச் சிவக்கும் பூ. பூவினுள் மகரந்தத் தாள்களும் செந்நிறம். முள்ளற்ற பெரிய மடலோடு தோட்டங்களில் பழத்திற்காக வளர்க்கப்படும் ‘இந்திய அத்தி’ நான்காவது. பூ முழுதும் விரியாமல், தாள்கள் வெளியே நீண்டு நிற்பது கொச்சினீல் தோட்டத்துக்குரிய ஐந்தாவது.

இவ்வாறு எழுதிவிட்டால் எல்லாம் தெளிவாகிவிட்டதுபோல் தோன்றும். இதற்கு அப்பால்தான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. நாகதாளி இனங்கள் ஒன்றோடொன்று எளிதில் கலப்பவை. கலந்து பிறந்த செடி பெற்றோர் இருவரையும் ஒத்தும் ஒவ்வாமலும் இருக்கும். பொதுவாகக் கலப்பினங்கள் விதை கட்டாமல் ஒரு தலைமுறையோடு நின்றுபோவதுண்டு. நாகதாளிக்கு அந்தக் கவலை இல்லை. ஒரு மடல் முறிந்து விழுந்தால் போதும், அதே கலப்பு காலகாலத்திற்கும் வாழும். போதாக்குறைக்கு, தாயின் திசுவிலிருந்தே நேராகக் கரு உண்டாகும் விதைகளும் நாகதாளியில் உண்டு. அவை முளைத்தால் தாயின் அச்சாகவே வரும். ஓர் இடைநிலைச் செடி ஒரு மலைச்சரிவு முழுவதும் ஒரே அச்சாய்ப் பரவியிருந்தால், அதனைப் புதிய இனம் என்று கருதிப் பெயரிட்டுவிடாமல் வேறென்ன செய்வார் பார்ப்பவர்?

தென் கலிபோர்னியாவில் இது கண்ணெதிரே நடந்தது. 1769 முதல் ஸ்பானியப் பாதிரிமார் அங்கே மடங்கள் அமைத்தபோது, பழத்திற்கும் வேலிக்குமாக ‘இந்திய அத்தி’யை நட்டனர். அது வேலி தாண்டி, குன்றுகளில் இருந்த நாட்டு நாகதாளிகளோடு கலந்தது. பின்வந்த அறிஞர்கள் ஒவ்வோர் இடைநிலை வடிவத்திற்கும் ஒவ்வொரு பெயர் சூட்டி ஏட்டை நிரப்பினர். 1965இல் லைமன் பென்சனும் வால்கிங்டனும் சேர்ந்து, இவற்றுட் பல தனி இனங்கள் அல்ல, மடத்துச் செடியின் இரத்தம் கலந்த கூட்டங்களே என்று காட்டினார்கள்.

பின்னர் வந்த குரோமோசோம் கணக்கு இதற்குத் துணை நின்றது. நாகதாளியின் அடிப்படை எண் 11. எளிய இனங்களில் அது இரட்டித்து 22 ஆக இருக்கும். ‘இந்திய அத்தி’யிலோ 88. எட்டு மடங்கு! கலப்பும் பெருக்கமும் தலைமுறை தலைமுறையாக நடந்திருக்க வேண்டும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. லின்னேயஸ் காலந்தொட்டு ஓர் இனமாகப் பெயர் பெற்றுள்ள அதுவே, மெக்சிகோவின் உழவர்கள் காட்டுக்கள்ளிகளிலிருந்து நெடுங்காலம் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தெடுத்த தோட்டப்பிறவி என்பதே மரபணு ஆராய்ச்சியாளர் 2004இல் வெளியிட்ட முடிவு. முள்ளில்லாத அதன் வகையை விதைபோட்டுக் கவனிப்பாரின்றி விட்டால், பிள்ளைகள் பலவும் முள்ளோடு பிறக்கின்றன.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. சற்று வேறுபட்ட செடியைக் கண்டவுடனே கலப்பினம் என்று முடிவுகட்டிவிடலாகாது. நிழலில் நிற்கும் நாகதாளிக்கு முள் குறையும், மடல் நீளும். கடற்காற்றில் நிற்பது குட்டையாய்த் தடிக்கும். பழைய மடலில் முள் கூடும். பூவோ காலையில் மஞ்சளாய் இருந்து மாலையில் செம்மஞ்சளாகும். ஆகவே, பல மடல்களைப் பார்க்கவேண்டும்; பூவின் உள்ளே சூல்முடியின் நிறத்தைக் குறிக்கவேண்டும்; பழத்தை அறுத்து உள்நிறம் காணவேண்டும்; சுற்றுவட்டாரத்தில் வேறு எந்த இனங்கள் நிற்கின்றன என்று தேடவேண்டும். பெற்றோர் இருவரும் பக்கத்தில் நிற்க, இருவருக்கும் இடைப்பட்ட எல்லாப் படிகளிலும் பிள்ளைகள் நின்றால், அப்போது கலப்பு என்று சொல்லலாம்.

பெரியவர் சொன்ன பூச்சி

டில்லெனிக்குரிய பூச்சி எங்கிருந்து வந்தது? அதற்கு ஆஸ்திரேலியாவைச் சுற்றி வரவேண்டும். 1788இல் அங்கே சென்ற முதற்குடியேற்றக் கப்பல்களும் ரியோவில் நின்று கள்ளியையும் சாயப்பூச்சியையும் ஏற்றிச்சென்றன. கும்பினியார் செய்த பிழையை அவர்கள் அதற்கு முன்னரே செய்திருந்தார்கள். பின்னர் வந்து சேர்ந்த வேறோர் இனம், டில்லெனியின் மிக நெருங்கிய உறவாகிய ஸ்டிரிக்டா, 1925 அளவில் சுமார் 6 கோடி ஏக்கரைக் கவர்ந்துகொண்டது. குயின்ஸ்லாந்து அரசு 1912இல் ஜான்ஸ்டன், ட்ரையன் என்ற இருவரை உலகம் சுற்றிவர அனுப்பியது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து அவர்கள் கண்ட உண்மை: இங்குள்ள பழைய பூச்சி மோனகாந்தாவை மட்டுமே தின்னும். ஆகவே ஒவ்வொரு கள்ளிக்கும் அதனதன் பகைவனைத் தேடவேண்டும். அதன்படி அமெரிக்காவில் தேடி, வேறொரு கொச்சினீலைக் கொணர்ந்தார்கள்; அர்ஜென்டினாவிலிருந்து காக்டோபிளாஸ்டிஸ் என்ற அந்துப்பூச்சியையும் கொணர்ந்து 1926 முதல் காட்டில் விட்டார்கள். அந்தப் புழு தின்று தீர்த்த வேகத்தில் பாழ்நிலம் பண்ணையாயிற்று. நன்றி மறவாத உழவர்கள் பூனார்கா என்னும் ஊரில் அந்தப் பூச்சியின் பெயரால் ஒரு மண்டபமே எழுப்பி, 1936இல் திறந்தார்கள்.

ஆஸ்திரேலியாவிலிருந்து 1924இல் அந்தப் புதிய கொச்சினீல் இலங்கைக்கு வந்தது. இலங்கையிலிருந்து 1926இல் தென்னிந்தியாவுக்கு வந்தது. பூச்சியேறிய மடலை அறுத்துப் புதுச் செடியின்மேல் வைப்பதுதான் செய்யவேண்டிய வேலை. மற்றதைப் பூச்சி பார்த்துக்கொண்டது. ஐந்தாறு ஆண்டுகளில் காடு சாய்ந்தது. ஊர்ப் பெரியவர் சொன்ன ஐந்தாறு மழைக்காலம், ஏட்டின் கணக்கோடு ஒத்தே இருக்கிறது.

பூச்சியிலும் பிரிவு உண்டென்பது இன்னும் பின்னரே தெரிந்தது. தென்னாப்பிரிக்காவில் ‘இந்திய அத்தி’யை அடக்கிய கொச்சினீல், க்ரூகர் வனவிலங்குக் காப்பகத்தில் ஸ்டிரிக்டாவைத் தொடவில்லை. இத்தனைக்கும் பூச்சி அதே இனம். 1997இல் ஆஸ்திரேலியாவிலிருந்து அந்த இனத்தின் மற்றொரு கிளையைக் கொண்டுவந்த பின்னரே வேலை நடந்தது. இரண்டு கிளைகளும் கலந்தால் பிறக்கும் பூச்சி எப்படி நடந்துகொள்ளும் என்று அவர்கள் தனியே ஆராயவேண்டி வந்தது. கள்ளியின் கலப்பு போதாதென்று பூச்சியின் கலப்பு!

நம்மை மீட்ட அந்தப் பூச்சியே இப்போது வேறிடத்தில் கொடுமை செய்துகொண்டிருக்கிறது. 2014இல் அது மொராக்கோவில் காணப்பட்டது. அங்கே நாகதாளி களையன்று. வறண்ட நிலத்தின் வேலி, கால்நடைத் தீவனம், ஏழைக்குடும்பங்களின் பழ வருமானம். சில ஆண்டுகளுக்குள் பல வட்டாரங்களில் வேலிகள் வெளுத்து வீழ்ந்தன. அந்நாட்டு வேளாண் ஆராய்ச்சியாளர், பூச்சிக்கு ஈடுகொடுக்கும் நாகதாளி வகைகளைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கி நடுகின்றனர். எந்த வகை எதற்கு இணங்கும் என்ற அந்தப் பழைய கேள்வி இப்போது அவர்கள் முன் நிற்கிறது.

லெபனானிலும் பாலஸ்தீன மண்ணிலும் அதே பத்தாண்டில் அந்தப் பூச்சி புகுந்தது. அங்கே நாகதாளி வேலிக்கு வேறொரு பொருளும் உண்டு. 1948இல் மக்கள் வெளியேற்றப்பட்டு இடிக்கப்பட்ட நூற்றுக்கணக்கான சிற்றூர்களில் கல்லும் சுவரும் மறைந்த பின்னரும், தோட்டங்களின் எல்லையில் நின்ற ஸப்ர் வேலி வேரிலிருந்து மீண்டும் தளிர்த்தது. ஊர் இருந்த இடத்தை வந்து தேடுவோர்க்கு அதுவே அடையாளம். உம்முல் ஃபஹ்ம் ஊரினரான ஓவியர் ஆஸிம் அபூஷக்ரா, 1990இல் இளவயதிலேயே மறையும் வரை, தொட்டியில் வைத்த நாகதாளியைத் திரும்பத் திரும்ப வரைந்தார். அந்த வேலிகளின்மீது இப்போது வெண்பஞ்சு படர்கிறது.

சென்ற ஆண்டு ஊருக்குப் போயிருந்தபோது, பேரப்பிள்ளையோடு பழைய மணல்மேட்டுப் பக்கம் நடந்தோம். மதிலோரத்தில் நாலைந்து புதர்கள் நின்றன. முட்களை எண்ணிப் பார்த்தோம்: ஒரு கண்ணில் ஏழு; மஞ்சள் நிறம்; தட்டை; சிறு வளைவு. டில்லெனிதான். ஒரு மடலின் அடியில் சுண்ணாம்பு தீற்றியதுபோல் வெண்பஞ்சு ஒட்டியிருந்தது. அந்தப் பூச்சி இன்னும் இங்கேதான் இருக்கிறது. பையன் அதனை ஒரு குச்சியால் நெருடிப் பார்த்தான். குச்சியின் நுனி செக்கச்செவேலென்று சிவந்தது. “ரத்தமா?” என்று கேட்டான். “இல்லை வாப்பா, இதற்குப் பெயர் கிர்மிஸ்” என்று சொல்லி, மதில் நிழலில் அமர்ந்து, இந்தக் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினோம்.